தடைக்காலத்துக்கு நிவாரணம் இருக்கு, வரிக்காலத்துக்கு?

சொந்தங்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. மீம் இல்ல, வீடியோ இல்ல. ஆனா ராமநாதபுரம் கடற்கரைல ஓட்டு கேட்டு நடக்கப் போற நம்ம ஒவ்வொருத்தருக்கும் இது தேவைப்படும். சேவ் பண்ணி வெச்சுட்டு ராத்திரி படிச்சாலும் சரி.

பாக் விரிகுடால தண்ணி ஒண்ணு, நண்டும் ஒண்ணு. ஓலைக்கால் நண்டு, நீலக்கால் நண்டுன்னும் சொல்லுவாங்க. திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணை, தேவிபட்டினம், தொண்டின்னு இந்தக் கரைல வல்லத்துல போறவங்க வலைல படுறதும் அதுதான். எதிர்க்கரைல யாழ்ப்பாணம், மன்னார் ஆளுங்க வலைல படுறதும் அதுதான். ரெண்டு கரையிலயும் அவிச்சு, சதையைப் பிரிச்சு, டப்பால அடைச்சு அனுப்புறாங்க. ரெண்டு கரைக்கும் பெரிய கிராக்கி ஒரே ஆளு, அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 27லருந்து நம்ம கரை டப்பாவுக்கு அங்க 50 சதவீதம் வரி போட்டாங்க. எதிர்க்கரை டப்பாவுக்கு அப்ப 20 சதவீதம்.

நண்டுக்குத் தெரியுமா, தான் எந்தக் கரைல ஏறினோம்னு?

நான் படிச்சது இன்ஜினியரிங், பொருளாதாரம் இல்ல. ஆனா இந்தக் கணக்குக்கு எட்டாம் வகுப்பு போதும். ஒரு பெட்டி நண்டுச் சதை 100 டாலர்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். இலங்கைப் பெட்டி வரியோட 120. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பெட்டி 119, அவங்களுக்கு 2025ல வரி 19 சதவீதம்தான். நம்ம பெட்டி 150. அமெரிக்காக்காரன் எதை வாங்குவான்? நாமளும் 120க்கே நிக்கணும்னா, நம்ம ஆளு பெட்டியை 80 டாலருக்குக் கொடுக்கணும். 80க்கு 50 சதவீதம் வரி 40, மொத்தம் 120. அதாவது போட்டில நிக்கிறதுக்கே 20 டாலரை விட்டுக் கொடுக்கணும்.

அந்த 20 டாலர் யார் தலைல விழும்ங்கிறதுதான் விஷயம். ஐஸ் விலை குறையாது. டப்பா விலை குறையாது. கப்பல் வாடகை குறையாது. கரண்ட் பில்லும் குறையாது. குறைக்க முடியுற ஒரே இடம், கரைல நண்டைப் போடுற ஆளுக்குக் கொடுக்கிற விலை. 100 டாலர்ல பச்சை நண்டுக்குப் போறது 60ன்னு வெச்சா, அது 40 ஆகும். மூணுல ஒரு பங்கு போச்சு. வரி 50 சதவீதம்னு 2025ல டிவில சொன்னான், அது வாஷிங்டன் கணக்கு. நம்ம கரைல அது வேற உருவத்துல வந்து இறங்குச்சு.

எஸ்ஐஆர் படிவம் நிரப்பிக் கொடுக்க வீடு வீடாப் போனப்ப இதைத்தான் கேட்டேன். "ஓட்டர் லிஸ்ட் கெடக்கட்டும் தம்பி, நண்டு விலை எப்ப ஏறும்?"னு ஒரு மாமா கேட்டாரு. வியாபாரிகிட்ட கேட்டா ஒரே பதில்தானாம், "அமெரிக்கா வரி". நண்டுக் கம்பெனிக்கு சதை பிரிக்கப் போற ஒரு லாத்தா சொன்னாங்க, முன்னெல்லாம் வேன் தவறாம வரும், இப்ப வேன் வந்தாத்தான் வேலைன்னு தெரியும்னு. நடுவுல புயல் எச்சரிக்கைன்னு கடலுக்குப் போகாத நாள் வேற. அது இயற்கை, எப்பவும் இருக்கிறது. இது யாரோ கையெழுத்துப் போட்டு வந்தது.

சரி, அந்தக் கையெழுத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பார்ப்போம். வர்த்தகப் போர்னா ஏதோ ரெண்டு நாட்டுப் பொருளாதார நிபுணர்கள் உட்கார்ந்து போடுற சண்டைன்னு நினைக்கிறோம். அது முக்கால்வாசி ஓட்டுக் கணக்கு.

இறாலையே எடுத்துக்கோங்க. மெக்சிகோ வளைகுடா ஓரமா லூசியானா, டெக்சஸ், ஃப்ளோரிடா, அட்லாண்டிக் பக்கம் ஜார்ஜியா, வட கரோலினான்னு எட்டு மாநிலத்து இறால் மீனவங்க ஒரு சங்கம் வெச்சிருக்காங்க. சதர்ன் ஷ்ரிம்ப் அலையன்ஸ். 2003 டிசம்பர் 31 அன்னிக்கு இவங்க ஒரு மனு போட்டாங்க, இந்தியா, தாய்லாந்து, வியட்நாம், சீனா, ஈக்வடார், பிரேசில் ஆறு நாடும் மலிவு விலைக்கு இறாலைக் கொட்டுறாங்கன்னு. அடுத்த வருஷம் 2004, அங்க அதிபர் தேர்தல். 2005 பிப்ரவரில பொருள் குவிப்பு தடுப்பு வரி உறுதியாச்சு. நடுவுல 2004 டிசம்பர் 26 சுனாமி. நாகப்பட்டினம் கரை பிணக்காடா கிடந்தப்ப, இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் அந்த வரியை எடுக்கலாமான்னு அமெரிக்க வர்த்தக ஆணையம் மறுபடி ஆராய்ஞ்சுது. ஆராய்ஞ்சுட்டு, வரி தொடரும்னு முடிவு பண்ணுச்சு.

இன்னொரு கூத்தும் உண்டு. அப்ப அங்க ஒரு சட்டம் இருந்துச்சு, பேர்ட் திருத்தம்னு பேரு. இப்படி வசூலாகிற வரிப் பணத்தை, மனு போட்ட உள்ளூர் ஆளுங்களுக்கே பிரிச்சுக் கொடுக்கலாம். உலக வர்த்தக அமைப்பு அதைத் தப்புன்னு சொன்ன பிறகும் சில வருஷம் ஓடுச்சு. யோசிச்சுப் பாருங்க. உங்க போட்டியாளர் மேல கேஸ் போட்டா, அவன் கட்டுற அபராதம் உங்க அக்கவுண்ட்டுக்கு வருது.

இதுக்காக லூசியானா மீனவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அவங்களும் டீசல் விலையோட மல்லுக்கட்டுற ஆளுங்கதான். அதுல நிறைய பேர் போருக்குத் தப்பி வந்த வியட்நாம் அகதிக் குடும்பங்க. அவங்க பார்வைல பண்ணை இறால்தான் அவங்க பிழைப்பைக் கெடுத்துச்சு. நான் சொல்ல வர்றது வேற. எண்ணிக்கைல சின்னக் கூட்டம், ஆனா ஒரே கோரிக்கையைப் பிடிச்சுக்கிட்டு இருபது வருஷமா கட்சி பார்க்காம எம்பிக்களைத் துரத்துறாங்க. 2025 வரியையும் வெளிப்படையா வரவேற்றாங்க. நம்ம கரைல அப்படி ஒரு கோரிக்கை எழுதப்பட்ட காகிதமா இருக்கா?

2025 கதையை வேகமா சொல்லிடுறேன். ஏப்ரல் 2ல டிரம்ப் எல்லா நாட்டுக்கும் பட்டியல் போட்டாரு. ஒரு வாரத்துல நிறுத்தி வெச்சாரு. ஆகஸ்ட் 7லருந்து நமக்கு 25 சதவீதம். ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குறோம்னு ஆகஸ்ட் 27லருந்து இன்னொரு 25. பண்ணை இறாலுக்குப் பழைய வரிகளும் சேர்ந்து 58 சதவீதத்தைத் தொட்டுச்சு. ஈக்வடாருக்கு அந்தப் புது வரி அப்ப 15தான். இலங்கைக்கு முதல்ல 44ன்னு அறிவிச்சு, 30ஆக்கி, கடைசில 20ல நின்னுச்சு.

2024-25ல இந்தியாவோட மொத்த கடல் உணவு ஏற்றுமதி 62,408 கோடி ரூபாய். அதுல உறைய வெச்ச இறால் மட்டும் 43,334 கோடி, அதை அதிகமா வாங்கினது அமெரிக்கா. இங்க ஒரு விஷயம். நம்ம விசைப்படகு பிடிக்கிற கடல் இறால் 2019லருந்தே அமெரிக்காவுக்குப் போறதில்ல. ஆமை தப்பிக்கிற கருவி வலைல இல்லன்னு தடை. அப்ப வரிக்கும் கடல் இறாலுக்கும் சம்பந்தமே இல்லையேன்னு கேட்கலாம். இருக்கு. அமெரிக்காவுக்குப் போக முடியாத பண்ணை வனாமி எங்க போகும்? சீனா, ஜப்பான், ஐரோப்பா, மிச்சம் உள்ளூர். கடல் இறாலும் அதே சந்தைலதான் நிக்குது. தண்ணி ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் ஏறும்.

இப்ப நான் ரொம்ப ரசிச்ச பகுதிக்கு வர்றேன். நவம்பர் 4 அன்னிக்கு அமெரிக்கால சில தேர்தல் நடந்துச்சு. வர்ஜீனியா, நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தல், நியூயார்க் மேயர் தேர்தல். மூணுலயும் டிரம்ப் கட்சி தோத்துச்சு. மூணுலயும் பேசினது விலைவாசி. சரியா பத்தே நாள். நவம்பர் 14ல காபி, டீ, மசாலாப் பொருள், வாழைப்பழம், தக்காளி, மாட்டிறைச்சி இதுக்கெல்லாம் பரஸ்பர வரிலருந்து விலக்கு. வரியால விலை ஏறாதுன்னு ஏப்ரல்லருந்து சொல்லிட்டிருந்தவங்க, தோத்த பத்து நாள்ல விலை குறையணும்னா வரியை எடுக்கணும்னு கண்டுபிடிச்சிட்டாங்க!

அந்தப் பட்டியல்ல கடல் உணவு இல்ல.

ஏன் இல்ல? என் ஊகம் இது. காபி அமெரிக்கால அநேகமா விளையறதே இல்ல, எடுத்தா கேள்வி கேட்க ஆள் கிடையாது. மாட்டிறைச்சிக்கு ஆள் உண்டு, பண்ணைக்காரங்க கோவப்படத்தான் செஞ்சாங்க, ஆனா தினமும் கடைக்குப் போற கோடிக்கணக்கான ஓட்டு அதைவிடப் பெருசு. இறால், நண்டு ரெண்டுலயும் சேராது. அது தினசரிச் சாப்பாடு இல்ல, விலை ஏறினா யாரும் ஓட்டை மாத்திப் போட மாட்டாங்க. எடுத்தாலோ எட்டு மாநிலத்துக் கடற்கரை கத்தும். அதுல ஜார்ஜியாவும் வட கரோலினாவும் இழுபறி மாநிலங்க வேற. ஆக திருப்பாலைக்குடி நண்டு விலை, நம்ம பேரே கேள்விப்படாத ஊர்களோட ஓட்டுல தொங்குது.

இந்த விளையாட்டு எல்லா நாடும் ஆடுது. 2018ல டிரம்ப் இரும்புக்கு வரி போட்டப்ப, ஐரோப்பா பதிலுக்கு எதைத் தொட்டுச்சு? ஹார்லி டேவிட்சன் பைக்கையும் போர்பன் விஸ்கியையும். பைக் கம்பெனி இருக்கிற விஸ்கான்சின் அப்போதைய சபாநாயகர் பால் ரயனோட மாநிலம், விஸ்கி காய்ச்சுற கென்டக்கி செனட் தலைவர் மெக்கானலோட மாநிலம். சீனா சோயா பீன்ஸைத் தொட்டுச்சு, அது அயோவா விவசாயி வயித்துல அடிக்கிற அடி. வரிப் பட்டியலை ஓட்டர் லிஸ்ட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் எழுதுவாங்க போல.

நாமளும் சளைச்சவங்க இல்ல. 2018 ஜூன்ல பாதாம், வால்நட், ஆப்பிள், பருப்புன்னு அமெரிக்கப் பொருளுக்குப் பதில் வரி அறிவிச்சோம். அறிவிச்சுட்டுத் தள்ளி வெச்சோம். மறுபடி தள்ளி வெச்சோம். 2019 மே 23 மக்களவைத் தேர்தல் முடிவு, 30ந்தேதி பதவியேற்பு. மறுநாளே நமக்கு இருந்த வரிச் சலுகையை டிரம்ப் ரத்து பண்ணி உத்தரவு போட்டாரு, அது ஜூன் 5ல அமலாச்சு. நாம ஜூன் 16ல பதில் வரியை அமல்படுத்தினோம். ரெண்டு பேருமே தேர்தல் முடியக் காத்திருந்த மாதிரிதான் எனக்குத் தெரியுது. 2023ல நட்பு கூடினதும் அந்த வரி போயிடுச்சு.

கனடாவுல நடந்தது இன்னும் வேடிக்கை. 2025 ஆரம்பத்துல லிபரல் கட்சி கருத்துக்கணிப்புல 20 புள்ளிக்கு மேல பின்தங்கிக் கிடந்துச்சு. டிரம்ப் கனடா மேல வரி போட்டு, 51ஆவது மாநிலமா சேர்ந்துக்கோன்னு கிண்டல் பண்ணினாரு. ஏப்ரல் 28 தேர்தல்ல மார்க் கார்னி தலைமைல அதே லிபரல் கட்சி ஜெயிச்சுது. எதிர்க்கட்சித் தலைவர் தன் சொந்தத் தொகுதியையே இழந்தாரு. டொராண்டோ பக்கம் இருக்கிற நம்ம சொந்தங்க இதைக் கண்ணால பார்த்திருப்பீங்க. அந்தத் தேர்தல்ல ஜெயிச்ச ஹரி ஆனந்தசங்கரி இப்ப அங்க பொதுப் பாதுகாப்பு அமைச்சர். அமெரிக்க வரி ஒரு நாட்டு ஆட்சியையே காப்பாத்திக் கொடுத்துச்சு.

எல்லாருக்கும் இது லாபமா முடியும்னும் இல்ல. 1930ல ஸ்மூட்னு ஒரு செனட்டர், ஹாலேன்னு ஒரு எம்பி சேர்ந்து இறக்குமதி வரியை உச்சத்துக்குக் கொண்டு போனாங்க. அது 1928 தேர்தல்ல ஹூவர் விவசாயிகளுக்குக் கொடுத்த வாக்குறுதில ஆரம்பிச்ச சட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க, கேட்கல. மத்த நாடுகளும் பதிலுக்குப் பூட்டுச்சு. 1932ல ஹூவர், ஸ்மூட், ஹாலே மூணு பேரும் தோத்தாங்க.

நம்ம ஊருக்கு வருவோம். ஆகஸ்ட் 7ந்தேதி டெல்லில எம்.எஸ்.சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டுல பிரதமர் பேசினாரு. விவசாயி, மீனவர், பால் உற்பத்தியாளர் நலன்ல சமரசம் கிடையாது, அதுக்காகத் தனிப்பட்ட முறைல பெரிய விலை கொடுக்க வேண்டி வந்தாலும் தயார்னு சொன்னாரு. அமெரிக்கா கேட்கிறது நம்ம சோளம், சோயா, பால் சந்தையைத் திறந்து விடச் சொல்லி. திறக்கக் கூடாது. இதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ரெண்டு மாடு வெச்சுப் பிழைக்கிற நம்ம அக்காவை, அரசாங்க மானியத்துல ஆயிரக்கணக்கான மாடு வெச்சிருக்கிற பண்ணையோட மோத விடுறது நியாயம் இல்ல.

ஆனா ஒரு கேள்வி. அந்தப் பெரிய விலையை 2025ல யார் கொடுத்தா? திருப்பூர்ல தையல் மெஷின்ல உட்கார்ந்திருக்கிற பொண்ணு. வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி பின்னலாடை ஏற்றுமதி பண்ற ஊரு அது, அதுல ஏறக்குறைய 30 சதவீதம் அமெரிக்காவுக்கு. அப்புறம் இறால் பண்ணைக்காரன். அப்புறம் நம்ம நண்டு வலைக்காரன். மீனவருக்காக விட்டுக் கொடுக்க மாட்டோம்னு சொன்ன பேச்சுக்கு மீனவனே பணம் கட்டுறான். நாடு மொத்தத்துக்கும் ஒரு முடிவு எடுத்தா, செலவையும் நாடு மொத்தமும்தானே பகிர்ந்துக்கணும்?

ஒண்ணுமே செய்யலன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிப் பொத்தாம் பொதுவா எழுதினா கமெண்ட்ல வந்து கிழிச்சிடுவாங்க, கிழிக்கணும். நவம்பர் 12ல மத்திய அமைச்சரவை 25,060 கோடிக்கு ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டம், 20,000 கோடிக்குக் கடன் உத்தரவாதம் ஒப்புதல் கொடுத்துச்சு. ரிசர்வ் வங்கி ஏற்றுமதியாளர் கடனுக்கு செப்டம்பர் 1லருந்து டிசம்பர் 31 வரைக்கும் தவணைல சலுகை கொடுத்துச்சு. பருத்தி இறக்குமதி வரியை டிசம்பர் 31 வரைக்கும் எடுத்து வெச்சாங்க. எல்லாம் நல்லதுதான்.

யாருக்குப் போய்ச் சேரும்? வங்கில ஏற்றுமதிக் கடன் இருக்கிறவருக்கு. என் சித்தப்பாவுக்கு எந்த வங்கில ஏற்றுமதிக் கடன் இருக்கு? வலைக்கும் இன்ஜினுக்கும் அவர் வாங்கினது வியாபாரிகிட்ட அட்வான்ஸ். அட்வான்ஸ் வாங்கினா நண்டை அவருக்குத்தான் போடணும், அவர் சொல்ற விலைக்குத்தான் போடணும். அந்தக் கடனுக்கு எந்த ரிசர்வ் வங்கியும் தவணையைத் தள்ளி வைக்காது. கம்பெனிக்குக் கிடைக்கிற சலுகைல பத்து பைசா கரைக்கு இறங்குமான்னு கேட்டா, இறங்க வைக்கிற விதி எதுவும் அந்தத் திட்டத்துல இல்ல.

அமெரிக்காவைப் பாருங்க. சீனா சோயா வாங்குறதை நிறுத்தினதும் 2018ல 1,200 கோடி டாலர், 2019ல 1,600 கோடி டாலர் வரைக்கும் விவசாயிகளுக்கு உதவி அறிவிச்சாங்க. 2025 டிசம்பர் 8ல மறுபடி 1,200 கோடி டாலர். பெரும்பகுதி விவசாயி கைக்கே போற பணம். சண்டையை ஆரம்பிச்சவனே தன் ஆளுங்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கிறான். ஓட்டுக்காகத்தான் கொடுக்கிறான், இருக்கட்டுமே! கொடுக்கிறான்ல?

நம்மகிட்ட இதுக்கு வழியே இல்லாம இல்ல. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதுக்கு வருஷா வருஷம் தமிழ்நாடு அரசு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்குது. பேர்ப் பட்டியல் மீன்வளத்துறைகிட்ட இருக்கு, கூட்டுறவுச் சங்கத்துல இருக்கு, வங்கிக் கணக்கு எண் இருக்கு. குழாய் போட்டாச்சு, தண்ணி விடறதுதான் பாக்கி. தடைக்காலத்துக்கு நிவாரணம்னா, வரிக்காலத்துக்கும் நிவாரணம் வேணும். ஏற்றுமதி ரகத்து மீன், நண்டு, இறாலுக்கு அமெரிக்க வரி இந்த அளவுக்கு மேல போனா, அது இறங்குற வரைக்கும் மாசா மாசம் இவ்வளவுன்னு எழுதி வைக்கணும். மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதின்னு பேசிக்கலாம். சதை பிரிக்கப் போற பெண்கள் அந்தப் பட்டியல்ல கட்டாயம் வரணும், ஏன்னா அவங்க கடலுக்கும் போறதில்ல, கம்பெனி ரிஜிஸ்டர்லயும் நிரந்தரம் இல்ல. எந்தக் கணக்குலயும் விழாம நடுவுல நிக்கிறவங்க அவங்கதான்.

அட்வான்ஸ் கடன்லருந்து மீள கூட்டுறவுச் சங்கம் வழியா குறைஞ்ச வட்டிக் கடன், நண்டைச் சங்கமே வாங்கி விக்கிற ஏற்பாடு, இதெல்லாம் அடுத்த படி. பிரிட்டனோட ஜூலை 24ல கையெழுத்தான ஒப்பந்தம் அமலுக்கு வந்தா கடல் உணவுக்கு அங்க வரி இருக்காது. ஐரோப்பா செப்டம்பர்ல நம்ம நாட்டுல இன்னும் 102 கடல் உணவு ஆலைகளுக்கு அனுமதி கொடுத்திருக்கு. கதவு திறக்குது. அந்தக் கதவு வழியா போற சரக்குக்கு நம்ம கரைல என்ன விலைங்கிறதை இப்பவே பேசணும்.

இது சட்டமன்றத் தேர்தல்ல பேசுற விஷயமா, வரி டெல்லி சமாச்சாரம் ஆச்சேன்னு நம்ம ஆளுங்களே சில பேர் கேட்கிறீங்க. வரி போடுறதும் எடுக்கிறதும் மாநில அரசு கைல இல்லங்கிறது உண்மை. அதைச் சொல்லி ஏமாத்தி ஓட்டு கேட்க வேண்டாம். ஆனா நிவாரணம் மாநிலப் பட்டியல்லதான் இருக்கு, மீன்வளத்துறை மாநிலத்துலதான் இருக்கு, டெல்லியை நெருக்க 39 எம்பி தமிழ்நாட்டுலருந்துதான் போறாங்க. மாநிலம் டெல்லியைக் காட்டுது, டெல்லி வாஷிங்டனைக் காட்டுது, நண்டு மட்டும் ஐஸ் பெட்டில கிடக்குது. ஒவ்வொரு தேர்தலுக்கும் கச்சத்தீவு தவறாம வந்துடும். 2024ல மக்களவைத் தேர்தலுக்கு மூணு வாரம் முன்னாடி வந்துச்சு. இந்தத் தடவை நண்டு விலையும் வரட்டும். நம்ம கட்சி வேட்பாளர் வந்தாலும் இதே கேள்விதான், நான் முன்வரிசைல உட்கார்ந்து கேட்பேன்.

இப்ப ஒரு வேலை இருக்கு, இந்தக் கடற்கரை சொந்தங்க எல்லாரும் செய்யணும். வியாபாரி கொடுக்கிற எடைச் சீட்டு வீட்ல இருந்தா தேடி எடுங்க. ஆகஸ்ட்டுக்கு முன்னாடிச் சீட்டு ஒண்ணு, பின்னாடிச் சீட்டு ஒண்ணு. ரகம், எடை, விலை, தேதி நாலும் தெரியணும். உங்க பேரு, வியாபாரி பேரு, போன் நம்பர் மூணையும் விரலால மறைச்சு போட்டோ எடுத்து பக்கத்துக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க. யாரையும் மாட்டி விடறதுக்கு இல்ல, வியாபாரியும் நம்ம ஊர் ஆளுதான். தேர்தல் அறிக்கைக் குழுவுக்குக் கொடுக்கிற மனுவுல நாம போட வேண்டியது நெட்ல எடுத்த எண் இல்ல, நம்ம கரையோட எண். சதை பிரிக்கப் போற அக்கா, லாத்தா இருந்தா, மாசத்துக்கு எத்தனை நாள் வேன் வந்துச்சுன்னு ஆகஸ்ட்லருந்து இன்னிக்கு வரைக்கும் கேட்டு எழுதி அனுப்புங்க. மோர்ப்பண்ணை, தொண்டி, பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்து அட்மின்கள் உங்க ஊர் குரூப்ல இதை ஃபார்வர்ட் பண்ணிடுங்க. பொங்கலுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே எக்செல் ஷீட்ல ஏத்திடுவேன்.

#வரிக்கால_நிவாரணம் #நண்டுவிலை #பாக்விரிகுடா